கை பொறுக்கும் சூடு

வைலே என்ற டேனிஷ் நகரில் எங்களுக்குக் கீழ் வீடு கோகிலா அக்காவுக்கு. பத்து வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றவர், இப்போது மூன்று வருடமாக நகருக்கு வெளியே ஹென்னிங் என்பவரின் பாற்பண்ணையில் கன்றுகளைப் பார்க்கிறார். அங்கே பிறந்த கன்றைத் தாயோடு விடுவதில்லை. முற்றத்தில் வரிசையாக இருபது சின்னக் கூடுகள், கூட்டுக்கு ஒரு கன்று. அவற்றுக்குப் பால்மா கரைத்துக் கொடுப்பது அக்காவின் வேலை.

போன தை மாதம் ஹென்னிங் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்துப் பாலில் கலக்கச் சொன்னார். குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள கிருமிகளாம். கிருமியையும் கடையில் வாங்குகிறார்களா என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஒரு நேரம் தவறாமல் கரண்டியால் அளந்து போட்டார். அப்படியிருந்தும் ஒரே கிழமையில் இரண்டு கன்றுகள் கழிச்சலில் செத்தன. மூன்றாவது, 4417ஆம் இலக்கக் கன்று, தலை தூக்காமல் கிடந்தது. அக்கா சரியாகச் சாப்பிடாமல் திரிந்தார்.

சனிக்கிழமை என் சமையலறையில் தயிருக்குப் பால் காய்ச்சினேன். எனக்குப் பொறுமை கிடையாது. அடுப்பால் இறக்கிய கையோடு உறையை விடப் போனேன். அக்கா கையைப் பிடித்துவிட்டார்.

"விசரே உனக்கு? கொதி பாலுக்குள்ள விட்டா உறை செத்துப்போமெல்லே. கை பொறுக்கிற சூடு வரட்டும்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பிறகு கதிரையில் இருந்து அழத் தொடங்கினார்.

"நான்தான் சாக்காட்டிப்போட்டன். கடைசிக் கூட்டுக்குப் போறதுக்குள்ள பால் ஆறிடும், கண்டுக்குக் குளிருமெண்டு நல்ல சுடுதண்ணியிலதான் கரைக்கிறன். பொடியையும் அதுக்குள்ளதான் போடுறன்."

"ஆருக்குத் தெரியப்போகுது? நாளையில இருந்து சூட்டைக் குறையுங்கோ, அக்கா" என்றேன்.

"அதுகளின்ர முகத்தை நான் பாக்க வேணுமெல்லே" என்றார்.

மறுநாள் காலை நான்தான் காரில் கூட்டிப்போனேன். தனக்குத் தெரிந்த டேனிஷில் அக்கா எல்லாவற்றையும் ஹென்னிங்கிடம் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் வழக்கம்போலக் கரைக்கச் சொல்லி, வாளிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். ஐம்பத்தெட்டுப் பாகை. நாற்பதுக்கு மேல் கூடாது என்று பொடிப் பையிலேயே அச்சடித்திருந்தது. வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஹென்னிங், "நான் அல்லவா காட்டித் தந்திருக்க வேண்டும்" என்று டேனிஷில் சொல்லி, வெப்பமானியை அக்காவின் சட்டைப்பைக்குள் வைத்தார்.

அன்றிலிருந்து அக்கா ஐந்து ஐந்து கூடாக நான்கு தடவை கரைத்துக்கொண்டு ஓடினார். மிருக வைத்தியர் 4417க்கு உப்புக் கரைசல் கொடுத்தார். நான்காம் நாள் அது எழும்பி நின்றது. கரைசலோ, பொடியோ, அக்காவின் ஓட்டமோ, எனக்குத் தெரியாது. ஆனால் அக்காவின் கையை மணிக்கட்டு வரை அது வாய்க்குள் இழுத்துச் சூப்பியதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு கரண்டிக்குள் கோடிக்கணக்கில் உயிர், கண்ணுக்கே தெரியாது. அதைப் போயா கேலிசெய்தேன் என்று வெட்கமாக இருந்தது.

போன ஞாயிறும் பண்ணைக்குப் போனேன். வெப்பமானி நாற்பத்தாறு காட்டியது. கன்றுகள் எல்லாம் பசியில் கத்தின. அக்கா கரண்டியில் பொடியை எடுத்து வைத்துக்கொண்டு, பனிக்குள் ஆடாமல் அசையாமல் நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ, ஆறட்டும்" என்றார் மெல்ல.

கன்றுகளிடம் சொல்லவில்லை. கரண்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.