களாச்செடி என்று நினைத்தது

ஆலன் என்ற அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடையை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. வறண்ட காடு. ஓக் மரங்களுக்கு அடியில் முள்ளும் புதருமாக இருக்கும். போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, ஏழு வயது மகளோடு அங்கே நடந்துகொண்டிருந்தபோது கறுப்புப் பழங்களோடு ஒரு செடியைப் பார்த்தேன். கூரான முள். இலையைக் கிள்ளினேன், காம்பில் பிசுபிசுவென்று பால். புதுக்கோட்டைக்காரனுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? களாச்செடியேதான். பதினாறு வருடமாக இந்த ஊரில் எந்தச் செடிக்கும் பெயர் தெரியாமல் நடந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். புளிக்கவில்லை. மாவு மாதிரி இருந்தது, லேசாகக் கசந்தது. களா இலை வழவழவென்று இருக்கும். இதன் அடியில் பஞ்சு படிந்த மாதிரி ரோமம். எல்லாம் தெரிந்தது. இந்த ஊர் மண் அப்படி என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு மகளிடம் ஒரு கைப்பிடி நீட்டினேன்.

"அப்பா, ஆர் யூ ஷ்யூர்?"

"களாக்காடா கண்ணு. அப்பாவுக்குத் தெரியாதா?"

ஆறேழு தின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் உதட்டுக் கறையைப் பார்த்த மனைவி, நான் பெருமையாக எடுத்து வைத்திருந்த படத்தைச் செடிகளை அடையாளம் காட்டும் ஆப்பில் போட்டாள். ஏதோ வாயில் நுழையாத பெயர் வந்தது. களா இல்லை.

"குழந்தைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் செக் பண்ண முடியலையா உங்களால?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

விஷ உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். என்ன பழம் என்று எதிர்முனையில் ஒரு பெண் கேட்டார். பதற்றத்தில் களாக்காய் என்று சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாக எழுத்துக்கூட்டச் சொன்னார். மனைவி போனைப் பிடுங்கி ஆப்பில் வந்த பெயரைச் சொன்னாள். வயிறு வலிக்கலாம், தலை சுற்றலாம், சாயங்காலம் வரை கவனியுங்கள் என்றார் அந்தப் பெண்.

மகள் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். பிறகு சோபாவில் படுத்து கார்ட்டூன் பார்த்தாள். அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். செடி மேல் எனக்குக் கோபமில்லை. என் நாக்கு அப்போதே சொல்லியிருந்தது, நான்தான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

நல்லவேளை, வேறொன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை கொய்யா நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி அவளிடம் நீட்டினேன். கடையில் வாங்கிய கொய்யாதான். ஒரு துண்டை எடுத்தாள். வாயில் வைக்காமல், அடுப்படியில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தலையசைத்த பிறகுதான் தின்றாள்.