பிஸ்கட் பேக்டரியில் நாலு ஸ்கேனர்

பேக்டரிகளுக்கு பார்கோட் ஸ்கேனர் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. மெஷின் ஓடினால் பேர் மேனேஜருக்கு, நின்றால் திட்டு எனக்கு. கஸ்டமர் வாயில் விழுந்து எழுந்தவர்கள் யாராவது இருந்தால் இப்படிப் பக்கத்தில் வாங்க, உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

சந்தனம்

சிம்பாங் பூலாய் என்ற ஊரில் ஒரு பிஸ்கட் பேக்டரி. நாலு பேக்கிங் மேசை, மேசைக்கு ஒரு ஸ்கேனர். ஒவ்வொரு பெட்டியிலும் தனி நம்பரோடு லேபல் இருக்கும், அதைக் காட்டினால் 'பீப்', கணக்கில் ஏறிவிடும். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையிலேயே அங்கிருந்து போன். "நாலும் செத்துப்போச்சு, உடனே வா!"

நான் குடியிருக்கிற குனோங் ராபாட்டிலிருந்து கொட்டுகிற மழையில் மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போனேன். பார்த்தால், நாலு ஸ்கேனரின் கண்ணாடியிலும் சரியாக நடுவில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். எனக்கு வந்ததே கோபம்! சூப்பர்வைசர் குமரன் அண்ணனிடம், "சாமி கும்பிடுங்க, வேணாங்கல. அதுக்கு அது கண்ணுலயா அப்புவீங்க?" என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"பொட்டை மூஞ்சியில வைக்காம முதுகிலயா தம்பி வைப்பாங்க?"

ஹாரன்

ஒரே பெட்டியை இரண்டு தடவை காட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து ஹாரன் அலறும், அந்தப் பெட்டி கணக்கில் ஏறாது. மேனேஜர் கூப்பிட்டு அந்தக் கட்டுப்பாட்டையே எடுக்கச் சொன்னார். எடுத்தால் ஒரே பெட்டியை எத்தனை தடவை காட்டினாலும் கணக்கில் ஏறும் சார், வேண்டாம் சார் என்று தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினேன்.

"தலை வலிக்குதுலா. நீ ஸ்கேனர் விக்கிறியா, ஹாரன் விக்கிறியா?"

எடுத்தேன். வேறென்ன செய்ய?

சரசு அக்கா

ஒரு மாதம் போயிருக்கும். மூணாவது மேசை சரசு அக்கா கண்டீனில் என்னைத் தேடி வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். வேலையில் மெதுவாம், எச்சரிக்கையாம். அது இரண்டாவது கடிதம்; மூணாவது வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முன்பு வேலை செய்த ரப்பர் எஸ்டேட்டை மூடியதிலிருந்து பதினெட்டு வருடமாக அந்த மேசையில் நிற்கிற மனுஷி.

"நான் சோம்பேறின்னு உன் மெஷின்தானே தம்பி சொல்லுது?"

மேசையில் ஒட்டின லேபல்

மறுநாள் அரை நாள் அங்கேயே நின்று பார்த்தேன். சரசு அக்கா ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பி, லேபலைத் தேடிக் காட்டுகிறார். மற்ற மூன்று மேசையிலும் ஒரு நல்ல லேபலை மேசையிலேயே ஒட்டி வைத்து, பெட்டி வந்தாலும் பீப், வராவிட்டாலும் பீப்! கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரே நம்பர் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஒழுங்காக வேலை செய்தவருக்குக் கடிதம், ஏமாற்றினவர்களுக்குக் கைதட்டல். என்ன அநியாயம் இது? நேராகப் போய் மேனேஜர் முன்னால் காட்டினேன்.

"சரி, சரசுவையும் ஒண்ணு ஒட்டிக்கச் சொல்லு. முடிஞ்சது கதை."

ஸ்டோருக்கு வாங்க

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "சார், ரிப்போர்ட்டை விடுங்க. ஸ்டோருக்கு வந்து பெட்டியை எண்ணுங்க. கண்டெய்னர்ல பெட்டி குறைஞ்சா அந்த ஹாரன் உங்க முதலாளி வாயிலேருந்து வரும்!" என்றேன். முகம் சுருங்கியது, ஆனாலும் வந்தார். எண்ணினார். மூன்று மேசைக் கணக்கிலும் பெட்டி குறைந்தது, சரசு அக்கா கணக்கு மட்டும் அப்படியே நின்றது. அன்றைக்கே அந்தப் பழைய கட்டுப்பாட்டை நான் திரும்பப் போட்டேன், அவர் இரண்டு கடிதத்தையும் கிழித்தார்.

அடுத்த வாரம் போனபோது சரசு அக்காதான் முதலிடம். சந்தோஷமாக இருப்பார் என்று பார்த்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார். என்னக்கா என்றேன்.

"லெட்டரைக் கிழிச்சிட்டாங்க தம்பி. ஆனா இப்ப குமரன் வந்து, 'நீ இந்த வேகத்துல செஞ்சா மத்தவங்களுக்கு லெட்டர் வரும், கொஞ்சம் மெதுவா செய்லா'ங்கிறான்."

படிக்கிற மெஷினை எந்த பேக்டரியிலும் நான் மாட்டிவிடுவேன், அது உண்மையைப் படித்தால் ஏற்றுக்கொள்கிற ஆளைத்தான் இன்னும் எங்கே வாங்குவதென்று தெரியவில்லை.