எல் போர்டை உரித்தவன்

நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். இது அபார்ட்மெண்டில் யாருக்கும் தெரியக்கூடாது. அதனால் இன்று காலை வகுப்புக்குக் கிளம்பும் முன், நேற்று டிரைவிங் ஸ்கூலில் என் காரில் ஒட்டிவிட்ட சிவப்பு எல் ஸ்டிக்கர் இரண்டையும் உரித்து எறிந்தேன்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பச்சை விழுந்தது. கார் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மறுபடி அணைந்தது.

பின்னால் தாம்பரமே ஹாரன் அடித்தது. பக்கத்தில் வந்த ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"இன்னா சார், ஓட்டத் தெரியாதா? காலங்காத்தால பேஜார் பண்ணிகினு!"

"தெரியும்ங்க. வண்டிதான் ரிப்பேர்" என்றேன்.

பக்கத்து சீட்டில் இருந்த டிரைவிங் ஸ்கூல் மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நேத்தும் இதே சிக்னல்ல ரெண்டு தடவ ஆஃப் பண்ணீங்க சார். யாராவது ஹாரன் அடிச்சாங்களா?"

அடிக்கவில்லை. எல்லோரும் பேசாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நேத்து எல் போர்டு இருந்துச்சு. கத்துக்கறவர்னு தெரிஞ்சா விட்டுடுவாங்க. எல்லாம் தெரிஞ்சவர் மாதிரி வந்து நின்னா திட்டத்தான் செய்வாங்க."

ஆபீசில் இருபது பேருக்கு, 'தெரியாததைக் கூச்சப்படாமல் கேளுங்கள்' என்று பயிற்சி கொடுப்பவன் நான்.

திரும்பும் வழியில் புது ஸ்டிக்கர் வாங்கி முன்னும் பின்னும் ஒட்டினேன். மனசு லேசாகிவிட்டது. பேஸ்மென்டில் நிறுத்தியதும் காரை முழுசாகக் கவர் போட்டு மூடினேன்.

"எதுக்கு சார் கவர்?" என்றார் வாட்ச்மேன்.

"தூசி."

"நேத்து வரைக்கும் இல்லாத தூசியா சார்?"

அவருக்கு நாளைக் காலைக்குள் ஒரு பதில் வேண்டும். யோசனை இருப்பவர்கள் கமெண்டில் போடுங்கள். உண்மையைச் சொல் என்று மட்டும் யாரும் வராதீர்கள்.