கொழுப்பில்லாத பொத்தான்கள்

அந்தத் தையல்காரியின் பிடிவாதம் அவளிடம் துணி கொடுத்த எல்லாருக்கும் தெரியும். இந்தத் துணிக்கு இந்த வெட்டு நிற்காது என்று சொல்லிவிட்டால், காலில் விழுந்தாலும் தைத்துத் தரமாட்டாள். பழைய கோட்டுகளைப் பிரித்துப் புதிதாக்குவதில் கைதேர்ந்தவள். வாடகை வீட்டின் முன்னறையில் மிஷின், அதற்குப் பின்னால் சமையலறை, கடைசியில் துணி துவைக்க ஒரு சின்னக் கொல்லை. கணவன் பேருந்து ஓட்டினான். வண்டியில் ஹார்ன் அடிப்பதோடு சரி, வீட்டில் வாய் திறப்பது அபூர்வம். அந்தக் குறை தெரியாதபடி மாமியார் பேசித் தீர்த்தாள்.

எலும்பு விவகாரம் ஒரு கோட்டில்தான் ஆரம்பித்தது. வாடிக்கையாளர் ஒருவரின் அப்பா போட்ட கோட்டு. எலும்பில் கடைந்த பொத்தான்கள், அதில் ஒன்றைக் காணோம். தையல்காரி கடைகடையாக ஏறி இறங்கினாள். பிளாஸ்டிக்கில் எதை வைத்துப் பார்த்தாலும் பொய்ப்பல் மாதிரி இளித்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்கிற பொட்டலில் எலும்புகள் காய்ந்து கிடப்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு காலையில் போய் ஒரு கால் எலும்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

கழுவினால் தீர்ந்தது என்று நினைத்தாள். சமையல் பாத்திரத்திலேயே போட்டுக் கொதிக்கவிட்டாள். வீடு மட்டுமில்லை, தெருவே மூக்கைப் பிடித்தது. மாமியார் வந்து அடுப்பை அணைத்து, பாத்திரத்தோடு தூக்கிக் கொல்லை மதிலுக்கு அப்பால் வீசினாள்.

"இனிமே அந்தப் பாத்திரத்துல என் கால் கழுவக்கூடத் தண்ணி காய்ச்சக் கூடாது!"

"சரி அத்தை, வேற பாத்திரம் வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு மருமகள் மதில் ஏறிக் குதித்து எலும்பை எடுத்து வந்தாள்.

அறுத்தாள், அரம் போட்டுத் தேய்த்தாள், துளைத்தாள். பறந்த தூளில் பாதி அவள் நெஞ்சுக்குள் போயிற்று. கொதித்த கொழுப்பு எலும்புக்குள்ளேயே ஊறிவிட்டதால், பொத்தான் சீக்கிரமே மஞ்சளடித்து, அந்த அருமையான கோட்டில் எண்ணெய்க் கறை விட்டது. அதுகூடப் பரவாயில்லை. ரம்பம் கீறிய விரல் வீங்கி, வீக்கம் முழங்கைவரை ஏறி, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. கணவன் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு ஓடி வந்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

"எதைத் தொட்டீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. உள்ளதைச் சொன்னாள். டாக்டரம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"செத்த மிருகத்துல என்னென்ன நோய் இருக்கும்னு தெரியுமா? சில கிருமி எலும்புலயும் தோல்லயும் வருஷக்கணக்கா சாகாம கிடக்கும். கையே போயிருக்கும்ங்க. இதோட விட்டுடுங்க."

"விடறதா இருந்தா மருந்தை மட்டும் வாங்கிட்டுப் போயிருப்பேன். விடாம செய்யணும்னா எப்படிச் செய்யணும்? அதைச் சொல்லுங்க."

டாக்டரம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. கல்லூரி விலங்கியல் கூடத்தில் எலும்புக்கூடுகளைச் சுத்தம் செய்து கோத்து வைக்கிற தன் சிநேகிதியிடம் அவளை அனுப்பினார். சிநேகிதி பூசி மெழுகுகிற ஆளில்லை. "செஞ்சது எல்லாமே தப்பு" என்றுதான் பேச்சையே தொடங்கினாள்.

கை ஆறியதும் தையல்காரி முதலிலிருந்து ஆரம்பித்தாள். சதை ஒட்டியிருப்பதைத் தொடுவதில்லை. நன்றாகக் காய்ந்த எலும்பாக இருந்தாலும் மேய்ப்பவனிடம் ஆடு எப்படிச் செத்தது என்று கேட்பாள். அவனுக்குத் தெரியாவிட்டால் அங்கேயே விட்டுவிடுவாள். நோயில் செத்ததை எந்தத் தண்ணீரிலும் கழுவிச் சுத்தமாக்க முடியாது என்று சிநேகிதி அடித்துச் சொல்லியிருந்தாள். எடுப்பதைக் கையுறை போட்டுத்தான் எடுப்பாள். கொல்லையில் இந்த வேலைக்கென்றே தனி வாளி, தனி பிரஷ், தனி உடுப்பு. கொதிக்க வைக்கும் பேச்சே கிடையாது. பாத்திரம் விளக்கும் சோப்பைக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் எலும்பு ஊறும். கொழுப்பு மேலே மிதந்தால் தண்ணீரை மாற்றுவாள், மறுபடி மிதந்தால் மறுபடி மாற்றுவாள். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை இதே கதைதான், வாரக்கணக்கில் இழுக்கும். அதற்குப் பிறகுதான், எலும்பை வெளுக்க, மருந்துக்கடையில் வாங்கிய பெராக்சைடு. அந்த வாளியின் மூடியை இறுக்கக் கூடாது, வாயு சேர்ந்து தெறித்துவிடும். பிளீச்சிங் பவுடர் எலும்பையே அரித்துவிடும் என்பதால் அதற்கு வீட்டுக்குள் இடமில்லை. நிழலில் காயவைத்து, முகக்கவசமும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, தூள் பறக்காதபடி ஈரம் தொட்டுத் தொட்டு அறுப்பாள்.

அப்படி வந்த முதல் பொத்தானை விரலில் வைத்து உருட்டினாள். வழவழவென்று, பால் நிறத்தில், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற மெல்லிய ரேகைகளோடு இருந்தது. மாமியாரிடம் நீட்டினாள். கிழவி முகர்ந்து பார்த்தாள். "ம்ம். நாத்தம் இல்ல" என்றாள். அந்த வாயிலிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு அது போதவில்லை. பழைய நாற்றத்தை அவள் மறக்கவில்லை. தெருக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"வீடா, சுடுகாடா இது? அந்த வாளியைத் தூக்கி எறி, இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணு."

"உள்ள வந்து மோந்து பாருங்க. நாத்தம் வந்தா நானே எறியறேன்."

"மோந்து பாக்கறதுக்கு நான் என்ன நாயா?"

"பாக்காம குரைக்கறீங்களே, அதான் சொன்னேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான், வீட்டுக்காரம்மா முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. அப்போதுதான் வேலை முடிந்து வந்த கணவன், சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு கொல்லைக்குப் போய் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். எறியத்தான் போகிறான் என்று எல்லாரும் வழிவிட்டார்கள்.

"காலி பண்ணிடறோம்" என்றான் அவன். "நாங்க எங்க போனாலும் இதுவும் வரும்."

மாமியார் ஒரு மூச்சு அழுதாள். அழுதுகொண்டே மிஷினின் மேல் போர்வையைச் சுற்றிக் கட்டினாள். டயர் பஞ்சர் ஒட்டும் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு வீடு கிடைத்தது. ரப்பர் வாடையில் வேறெந்த வாடையும் எடுபடாது என்று பட்டறைக்காரரே சிரித்தபடி வரவேற்றார்.

பொத்தான்களின் பேர் மெல்லப் பரவிற்று. கோட்டுக்கடை முதலாளி ஒருவர் மாதிரி பார்த்துவிட்டு, தன் கடையின் குளிர்காலக் கோட்டுகள் அத்தனைக்கும் அவளுடைய பொத்தான்தான் என்றார். தையல்காரி இரவு பகல் பார்க்காமல் உழைத்தாள். ஆனால் முதலாளிக்கு அவசரம். வாளியில் ஊறுவது எலும்பில்லை, தன் பொறுமை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு நாள் தானே ஒரு சாக்கு மூட்டையை வேனிலிருந்து இறக்கி வாசலில் வைத்தார்.

"பொறுக்கிட்டுத் திரிய வேணாம்மா. ஒரு மந்தையே திடீர்னு விழுந்து செத்துப்போச்சாம். மூட்டையாவே எடுத்துட்டு வந்துட்டேன்."

சாக்கின் அடியில் ஈரம் கசிந்திருந்தது. தையல்காரி பின்னால் நகர்ந்தாள்.

"எதுல செத்துச்சு?"

"எதுல செத்தா என்ன? உன் பெராக்சைடுல முக்கி எடு."

"இதை முக்கக் கூடாது, தொடவும் கூடாது. நீங்களும் தொடாதீங்க. அந்தக் குழாய்ல சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க."

"என் சரக்கையே வேணாங்கறியா? உனக்குக் கொழுப்பும்மா!"

"எனக்கு இருக்கட்டும்ங்க. என் பொத்தான்ல இருக்காது."

மாமியார் வாசலுக்கு வந்து, "மருமக சொல்றது காதுல விழலையா? கையைக் கழுவுய்யா முதல்ல!" என்று அதட்டினாள். முதலாளி கழுவினார், கழுவிக்கொண்டே ஆர்டர் ரத்து என்று கத்தினார். தையல்காரி கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டாள். ஆட்கள் வரும்வரை மூட்டையை யாரும் நெருங்காதபடி தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு முழுக்க மூடிய உடையில் வந்தவர்கள் மூட்டையை எடுத்துக்கொண்டு, வாசலில் மருந்து தெளித்தார்கள், மந்தை கிடந்த இடத்தை விசாரித்தார்கள், முதலாளியையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். செத்த ஆடுகளை ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டாள். என்ன நோய் என்று கடைசிவரை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

முதலாளி சும்மா இருக்கவில்லை. அவளிடம் பொத்தான் வாங்கினால் நோய் வரும் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். தெரிந்த கடைகள் எல்லாம் கதவைச் சாத்தின. தையல்காரி ஒரு பகல் முழுக்க மிஷினில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் துணிக்கட்டை விரித்துக் கத்திரியை எடுத்தாள். யார் கோட்டுக்கோ பொத்தான் கொடுப்பானேன்? தன் பொத்தானுக்குத் தானே கோட்டுத் தைத்தாள்.

முதல் கோட்டைத் தனக்கே அளவெடுத்திருந்தாள். கணவனின் தங்கை தன் புது வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டபோது அதைத்தான் போட்டுக்கொண்டு போனாள். வாசலிலேயே நாத்தனார் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அண்ணி, என் வீட்டுக்காரரோட ஆபீஸ்காரங்க எல்லாம் வந்திருக்காங்க. கேட்டா பிளாஸ்டிக்னு சொல்லிடுங்க, ப்ளீஸ்."

தையல்காரி கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மாள் அவள் கோட்டைத் தொட்டு, "பொத்தான் ரொம்ப அழகா இருக்கே, எதுல செஞ்சது?" என்றாள்.

"ஆட்டு எலும்பு" என்றாள் தையல்காரி, அறைக்கே கேட்கிற குரலில். "பொட்டல்ல பொறுக்கினது. நானே கழுவி, நானே அறுத்தது."

அந்த அம்மாளின் கை சட்டென்று பின்வாங்கியது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். தையல்காரி கோட்டின் முனையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"பயப்படாம தொடுங்க" என்றாள். "உங்க தட்டைவிடச் சுத்தம்."