மூன்றாவது யூனிட்

முத்துப்பேச்சிக்கு எதையும் மிச்சம் வைக்கப் பிடிக்காது. சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பில்கூட ஒரு பிடி சோற்றைப் போட்டுப் பிரட்டி எடுத்துவிடுவாள். அந்தக் குணம் கல்லூரியிலும் அவளை விடவில்லை. மற்றவர்கள் மிச்சம் வைத்த வேலையெல்லாம் சொல்லிவைத்தாற்போல் அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது.

தேனிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கல்லூரியில் தொண்ணூற்றாறாம் வருஷம் தாவரவியல் விரிவுரையாளராகச் சேர்ந்தாள். கம்பத்துக்குக் கிழக்கே திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். அந்த வீட்டில் முதுகலை படித்தவள் அவள் ஒருத்திதான். நிர்வாகம் கொடுக்கும் தற்காலிக வேலைதான், அடுத்த வருஷம் நிரந்தரம் ஆகிவிடும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அந்த அடுத்த வருஷம் வராமலே பத்து வருஷம் போய்விட்டது. இதற்குள் பழனிசெட்டிபட்டியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டும் கடை வைத்திருந்த கருத்தக்கண்ணனைக் கட்டிக்கொண்டு பிள்ளையும் பெற்றாள்; அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்தும் விட்டது.

இடையில் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாள் வந்தது. எந்தப் பட்டப்படிப்பு படித்தாலும் அதில் தேறியாக வேண்டும். அதற்கென்று தனியாக ஆசிரியர் கிடையாது. அதன் ஐந்து யூனிட்டையும் மூன்று துறைக்காரர்கள் பங்கு போட்டு நடத்த வேண்டும். தாவரவியலுக்கு முத்துப்பேச்சி, வேதியியலுக்கு வேல்பாண்டி, பொருளாதாரத்துக்கு மலைச்சாமி. மூவரில் இளையவள் என்பதால் ஒருங்கிணைப்பாளர் பட்டத்தையும் அவளுக்கே சூட்டினார் முதல்வர். அந்தப் பட்டத்தோடு ஒரு அதிகாரமும் வரவில்லை. கேள்வித்தாளைச் சேர்ப்பது, மதிப்பெண்ணைக் கூட்டுவது, யாராவது வராத அன்று வகுப்பைப் பார்த்துக்கொள்வது என்று வேலைகள் மட்டும் வந்தன.

பங்கு போடுவதில் அந்தக் கல்லூரிக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் முன்னால் இருந்து நடத்திக்கொண்டு வருவார். இன்னொருவர் கடைசி யூனிட்டில் ஆரம்பித்துப் பின்னால் வருவார். இரண்டு பேரும் எங்கே சந்திக்கிறார்களோ அங்கே பாடம் முடிந்தது. யார் எதுவரைக்கும் வந்திருக்கிறார்கள் என்பதை டீ குடிக்கும்போது பேசிக்கொள்வார்கள். எழுதி வைக்கிற வேலையே இல்லை. மலையை இரண்டு பக்கமும் குடைகிறவர்கள் மாதிரி, நடுவில் கைகுலுக்கிக்கொள்வார்கள்.

மலைச்சாமியும் வேல்பாண்டியும் டீ குடிக்கும்போது பேசிக்கொள்வதில்லை. டீ குடிக்காதபோதும் பேசிக்கொள்வதில்லை.

மலைச்சாமி தன் மூத்த மகள் கல்யாணத்துக்கு ஆசிரியர் அறைப் பலகையில் பத்திரிகையைக் குத்திவிட்டு, "எல்லாரும் வந்துருங்கப்பா" என்று சொல்லியிருந்தார். வேல்பாண்டி அவருக்கு அடுத்த ஊர்க்காரர், தூரத்துச் சொந்தமும்கூட. வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை என்று கல்யாணத்துக்குப் போகவில்லை. "பலகையில குத்துறதுக்கு இதென்ன பரீட்சை அட்டவணையா?" என்று அவர் கேட்டது மலைச்சாமியின் காதுக்குப் போனது. அன்றோடு பேச்சு நின்றது. அதன் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் முத்துப்பேச்சிதான் தபால்காரி.

இரண்டாயிரத்து ஏழில் முதல் யூனிட்டை அவள் முடித்தாள். இரண்டாவதில் இருந்து வேல்பாண்டி முன்னே போக, ஐந்தாவதில் இருந்து மலைச்சாமி பின்னால் வந்தார். மாசி முடியும்போது இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டாள், "உங்க பங்கு முடிஞ்சிருச்சா சார்?"

"முடிஞ்சிருச்சும்மா" என்றார் வேல்பாண்டி.

"அதெல்லாம் எப்பவோ முடிச்சாச்சு" என்றார் மலைச்சாமி.

எந்த யூனிட்டோடு நிறுத்தினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. பெரியவர்களை அப்படிக் கேட்டால் வேவு பார்க்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். பாடம் முடிந்தது என்று முதல்வரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

படிப்பதற்கான விடுமுறை தொடங்கிய அன்று முனீஸ்வரி என்ற மாணவி அறை வாசலில் வந்து நின்றாள். கம்பத்துக்காரி. விடுமுறையில் ஜீப் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள்.

"மேடம், மூணாவது யூனிட் படிக்க வேண்டாமுல்ல?"

"ஏன் வேண்டாம்?"

"நடத்தவே இல்லையே மேடம். நடத்தாதது பரீட்சையில வராதுன்னு பிள்ளைக பேசிக்கிறாக."

முத்துப்பேச்சி பாடத்திட்டத்தைப் புரட்டினாள். ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு பெரிய கேள்வி கட்டாயம் வரும். மூன்றாவது யூனிட் மாசுபாடு, இருப்பதிலேயே பெரிய பாடம். முதல் முறையாகக் கல்லூரி வாசலை மிதித்த வீடுகளில் இருந்து வந்த பிள்ளைகள் பாதிப்பேர் விளிம்பில்தான் நின்றார்கள். அந்தக் கேள்வியை விட்டால் கீழே விழுவார்கள்.

நேராக வேதியியல் ஆய்வகத்துக்குப் போனாள்.

"மாசுபாடா? அதுல பாதி சட்டம், பேரிடர், நஷ்ட ஈடு. அது அவர் பாடம்" என்றார் வேல்பாண்டி, பியூரெட்டுக் குழாயில் இருந்து கண்ணை எடுக்காமல். "நான் ரெண்டாவதோட நின்னுக்கிட்டேன். பெரியவர் வர்ற வழியில குறுக்க நிக்கக் கூடாதுல்ல?"

மலைச்சாமி ஆசிரியர் அறையில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, புகையும் அமிலமும் கெமிஸ்ட்ரிக்காரன் பாடமா, என் பாடமா? நாலாவதோட நிறுத்திக்கிட்டேன். நான் அவர் எல்லைக்குள்ள போனா அதுக்கும் ஒரு பேச்சு வரும்."

ஒருவருக்கு மற்றவர் காட்டிய மரியாதையில் ஒரு யூனிட் அநாதையாகிக் கிடந்தது.

முதல்வர் முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சத்தம் போடாம நீங்களே ஒரு நாள்ல நடத்தி முடிச்சிருங்க."

நடத்த அவளால் முடியும். இத்தனை வருஷமும் அதைத்தான் செய்தாள். ஆனால் அன்று ஏனோ வாய் வேறு சொன்னது.

"நான் நடத்திட்டா அது யாரு பாடம்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போயிரும் சார். அடுத்த வருஷமும் இதே கதைதான். அவுக ரெண்டு பேரும் வந்து எடுக்கணும்."

"நிரந்தர இடம் ஒண்ணு வந்திருக்கு. நீங்களும் மனுப் போட்டிருக்கீங்க. தேர்வுக் குழுவுல மலைச்சாமி இருக்காருங்கறது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப யோசிச்சுக்குங்க."

அன்று சாயங்காலம் கருத்தக்கண்ணன் அவளைப் பார்த்ததுமே, "என்ன, மூஞ்சி கருகின காயில் கணக்கா இருக்கு?" என்றான். அவள் சொன்னாள். பேச்சை முடித்துவிட்டு அழுதாள். பத்து வருஷத்துக் காத்திருப்பு ஒரு யூனிட்டில் போகப் போகிறது.

"நீ எடுத்தாலும் பிள்ளைக பாஸாகிரும்ல?"

"ஆகிரும்."

"பெறகு எதுக்கு அவுகளப் போய் இழுக்குற?"

"உன் கடையில மூணு பேரு ஒரே மோட்டாரத் தொடுறாக. காயில் புகைஞ்சா யாரு சுத்துனதுன்னு தெரியுமா, தெரியாதா?"

கருத்தக்கண்ணன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "தெரியும். தெரியலேன்னா மூணு பேரையும் வைவேன்" என்றான். மறுநாள் விடியும் முன்னே அவளை ஏற்றிக்கொண்டு கம்பத்துக்கு ஸ்கூட்டரை விட்டான்.

கம்பத்து ஜீப் நிறுத்தத்தில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகங்களுக்கு நடுவே தன் மாணவிகளைத் தேடிக்கொண்டே போனாள் முத்துப்பேச்சி.

"எந்தா டீச்சரே, நீங்களும் எஸ்டேட்டுக்குப் போருன்னோ? சீட்டில்ல, மடிதான்!" என்றான் மலையாளத்து ஓட்டுநர். ஜீப்பே சிரித்தது.

உள்ளே இருந்து முனீஸ்வரி தலையை நீட்டினாள். "மேடம், இங்கன என்ன செய்றீக?"

"எறங்கு. பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லணும். நாளைக்குக் காலையில எல்லாரும் கல்லூரிக்கு வரணும். மூணாவது யூனிட் இருக்கு."

"போகலேன்னா கங்காணி அடுத்து என்னைய வேலைக்குக் கூப்பிட மாட்டாரு மேடம்."

பக்கத்தில் இருந்த பெரிய பொம்பளை ஒருத்தி குரல் கொடுத்தாள். "ஏ புள்ள, டீச்சரு இருட்டோட வந்து நிக்காக. களை எங்கயும் ஓடிப் போகாது. கங்காணிகிட்ட நான் சொல்லிக்கிறேன், எறங்கு ஆத்தா." முனீஸ்வரி இறங்கினாள். மற்றவர்களுக்குத் தகவல் சொல்லும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பு நிறைந்துவிட்டது. வராத பிள்ளைகள் கொஞ்சப்பேர்தான். மலைச்சாமி முன்வாசலில் வந்து நின்றார். வேல்பாண்டி பின்வாசலில் நின்றார். முதல்வர் சொல்லி வந்தார்களா, வேடிக்கை பார்க்க வந்தார்களா என்று தெரியவில்லை. முத்துப்பேச்சி கரும்பலகையில் மூன்றாவது யூனிட்டின் தலைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயருக்கு இடம் விட்டாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"இந்த யூனிட்ட நாங்க உங்களுக்கு நடத்தல. யாரு எதுவரைக்கும் நடத்துனாகன்னு கேக்க வேண்டியது என் வேலை. நான் கேக்கல. அது என் தப்பு. இப்ப உங்க முன்னாடி கேக்குறேன்." வாசல்களைப் பார்த்தாள். "சார், காத்து யாரோடது?"

வேல்பாண்டி சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"காத்து, தண்ணி, மண்ணு... நான் எடுக்கிறேன்."

எழுதினாள். "பேரிடர் மேலாண்மை?"

"அதுவும் சட்டமும் என்னோடது" என்றார் மலைச்சாமி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒலி மாசு?"

இரண்டு பேரும் பலகையைப் பார்த்தார்கள். பிறகு, "நான் எடுக்கிறேன்" என்று இரண்டு வாசலில் இருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. பின்வரிசைப் பையன்கள் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்கள். மலைச்சாமி அவர்களை ஒரு முறை முறைத்தார். முறைத்த முகம் அப்படியே தளர்ந்தது.

"வேல்பாண்டியே எடுக்கட்டும்" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னது அன்றுதான். வேல்பாண்டி முன்னால் வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் யூனிட் முடிந்தது. பரீட்சையில் மாசுபாட்டுக் கேள்வி வந்தது. அந்த வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் அதை எழுதினார்கள்.

ஆனி மாதம் நேர்காணல் நடந்தது. செயலர் நடுவில், முதல்வர் ஒரு பக்கம், மலைச்சாமி இன்னொரு பக்கம். வெளியூரில் இருந்து முனைவர் பட்டத்தோடு வந்த ஒருவரும் அதே இடத்துக்கு வந்திருந்தார். தாவரவியல் கேள்விகளுக்கு முத்துப்பேச்சி தடங்கல் இல்லாமல் பதில் சொன்னாள். செயலர் காகிதத்தை ஒதுக்கி வைத்தார்.

"உங்க பொறுப்புல இருந்த தாள்ல ஒரு யூனிட் நடத்தாம விட்டுட்டாகளாமே. பெறகு பிள்ளைக முன்னாடி பெரியவங்கள நிக்க வச்சுக் கேள்வி கேட்டீகளாம். நெசமா?"

"நெசம்தான் சார்."

"யாரு தப்பு?"

ஒரு விரலை நீட்டினால் போதும். நீட்டுவதற்கு ஆளும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் மலைச்சாமியைப் பார்க்கவில்லை.

"ஒருங்கிணைப்பாளர் நான்தான் சார். கேக்காம விட்டது என் தப்பு."

"தப்புன்னு ஒத்துக்கிறவுகளுக்கு வேலையக் குடுத்தா எப்படி?"

வேலை போய்விட்டது என்றே அவள் நினைத்தாள். எழுந்து கும்பிடலாம் என்று கையைச் சேர்க்கும்போது மலைச்சாமி தொண்டையைச் செருமினார்.

"கேக்காம விட்டது அவங்க தப்பு. நடத்தாம விட்டது அவங்க தப்பு இல்ல. அந்த யூனிட்ல பாதி என்னோடது."

செயலர் திரும்பிப் பார்த்தார். "மீதி?"

"மீதி வேல்பாண்டியோடது. சும்மா சொல்லல, அவர்கிட்டயே கேட்டுட்டுத்தான் சொல்றேன். நேத்து சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆவணியில எங்க சின்ன மகளுக்குக் கல்யாணம். வெத்தலை பாக்கு வச்சு அழைச்சுட்டு வந்தேன்."

செயலருக்கு வெற்றிலை பாக்குக்கும் யூனிட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். முத்துப்பேச்சிக்கு மட்டும் விளங்கியது. சேர்த்த கை சேர்த்தபடியே இருந்தது. கண் நிறைந்ததை அவள் மறைக்கவில்லை.

நியமன ஆணை ஆடி பிறந்து வந்தது. அவள் அம்மா சங்கிலியம்மாள் வீரபாண்டி கோயிலில் பொங்கல் வைத்தாள்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, இரண்டாயிரத்துப் பத்தில் மலைச்சாமி ஓய்வு பெற்றார். அவளுக்கு ஆணை வந்த வருஷத்தில் இருந்தே அந்தத் தாளை நடத்துகிறவர்கள் எல்லாரும் முதல் வகுப்பன்று ஒன்றாக வந்து நிற்பார்கள். எந்தத் தலைப்பு யாருடையது என்று பிள்ளைகள் முன்னால் அவரவர் வாயால் சொல்ல, முத்துப்பேச்சி பலகையில் எழுதுவாள். இடம் ஒன்றும் வெறுமையாக இருக்காது. மலைச்சாமியின் கடைசி வருஷத்தில் ஒலி மாசு வந்தபோது அவர் பின்வாசலைப் பார்த்தார். பழக்கம் விடாமல் வேல்பாண்டி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"இந்த வருஷம் நான் எடுக்கட்டுமா மாப்ள?" என்றார் மலைச்சாமி.

"எடுங்க மாமா" என்றார் வேல்பாண்டி.

முத்துப்பேச்சி பெயரை எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தாள். அன்று அவளுக்கு அடுத்த வேலை ஒன்றும் மிச்சமில்லை.