ஹீற்றர் போடாமல் ஓடிய கார்

போன சனிக்கிழமை ஹம்பேர்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு தம்பி வந்து சிரித்தார். இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவராம். சந்தோஷம்.

“அக்கா, நீங்கள் ஹைபிரிட் கார்தானே வச்சிருக்கிறியள்? நானும் ஒண்டு பாத்து வச்சிருக்கிறன். குளிருக்குள்ள கனக்கப் பெற்றோல் குடிக்குமெண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?”

“ஓம், குடிக்கும்” என்றேன். முருங்கைக்காய்க்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பாவம், அவருடைய முகம் சுருங்கிப்போனது. எழுத்தில் கலகலப்பு, நேரில் கடுகடுப்பு என்று நினைத்திருப்பார். தம்பி, உங்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கடைக்குள் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால் இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு அந்தக் கார் போன வருஷம் செப்டெம்பரில் வந்தது. ஒரே காருக்குள் பெற்றோல் எஞ்சினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. சிவப்பு லைற்றில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். மெல்லப் புறப்பட்டால் மோட்டார் மட்டும் ஓடும், சத்தமே இராது. நடுவில் ஒரு சின்ன ஸ்கிறீன். நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் போகிறது என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். இவர் — அதுதான், உங்களுக்கெல்லாம் தெரிந்த என் வீட்டுக்காரர் — எங்கள் கல்யாணப் படத்தைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

இவரைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடிய மனிதர் இவர். கிளப்புவதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். அந்த நாலு சொட்டுக்காக ஊரெல்லாம் அலைந்தவருக்கு, சிவப்பு லைற்றில் நின்றபடி வீணாக எரிகிற எஞ்சின் மகா பாவமாகத்தான் தெரியும். அது எனக்கு விளங்குகிறது. நானும் அதே புகைக்குள்தான் இருந்தேன்.

ஆனால்…

எங்கள் ஆட்களுக்கு ஒரு பொருளை வாங்கினால் மட்டும் போதாது. அது பக்கத்து வீட்டுக்காரனின் பொருளைத் தோற்கடிக்கவும் வேண்டும். பிறந்தநாள் வீடு, பூப்புனித நீராட்டு விழா, எந்த மண்டபமாக இருந்தாலும் சோற்றுத் தட்டுடன் ஆண்கள் கூடும் மூலையில் இவருடைய பேச்சு ஒன்றுதான். ஐந்து லீற்றர்! நூறு கிலோமீற்றருக்கு ஐந்தே லீற்றர்!

எதிர்ப்பக்கம் எங்கள் நண்பர் அன்ரன் அண்ணை. மன்னார்க்காரர், டீசல் வான் வைத்திருப்பவர், அவசரப்படாத மனிதர். “குளிர் வரட்டும் ஜெயம், பாப்பம்” என்பார் இவரைப் பார்த்து. அவ்வளவுதான். அந்தப் ‘பாப்பம்’ இவருடைய நெஞ்சில் முள்ளாகக் குத்திவிட்டது.

குளிர் வந்தது. ஐந்து, ஆறானது. டிசெம்பரில் ஏழைத் தொட்டது. காருக்கு வருத்தம் என்று இவர் கார் திருத்துகிற வேர்க்ஸ்டாட்டுக்குக் கொண்டு ஓடினார். அங்கே இருந்த ஜெர்மன்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாராம். கார் நல்ல சுகம், குளிர்தான் காரணம் என்றாராம். குளிரில் பற்றரிக்கு வலு குறையும். எஞ்சின் சூடாகும்வரை கூடக் குடிக்கும். குளிர்கால ரயர் வேறு இழுக்கும். அதோடு, காருக்குள் வருகிற சூடு எஞ்சினிலிருந்துதான் வருகிறது. ஹீற்றர் போட்டால், நின்ற இடத்திலும் எஞ்சின் அணையாமல் ஓடும்.

சொன்ன அத்தனை காரணத்திலும் இவர் கையால் நிற்பாட்டக்கூடியது ஒன்றுதான் இருந்தது. ஹீற்றர்.

அன்றிலிருந்து எங்கள் கார் ஓடுகிற குளிர்சாதனப் பெட்டி. தொப்பி, கையுறை, மடியில் போர்வை. சந்தைக்குப் போக ஏறினாலும் வடதுருவத்துக்குப் போகிற ஆயத்தம். மகள் தூரத்தில் கார்ஹிங் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், தப்பிவிட்டாள். நான் எங்கே போவது? முதலில் சிரித்தேன். பிறகு ஏசினேன். பிறகு, குளிர்காலம் முடியட்டும் என்று விட்டுவிட்டேன். சின்ன விஷயம்தானே என்று நீங்களும் விட்டிருப்பீர்கள், இல்லையா?

ஜனவரியில், பான் நகரத்தில் இருந்த என் அக்கா காலமானார்.

சாந்தி அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவரே அவர்தான். மாதக் கணக்காக நோயோடு கிடந்தார். அந்த நிலையிலும் தொலைபேசியில் அவர் கேட்கிற முதல் கேள்வி, “வீட்டில ஹைசுங் போட்டிருக்கோடி? மிச்சம் பிடிக்கிறமெண்டு குளிருக்குள்ள இருக்காதை” என்பதாகத்தான் இருக்கும். ஹைசுங் என்றால் வீட்டைச் சூடாக்கும் அந்தச் சுவர்ப்பெட்டி. எங்கள் ஆட்கள் அதைத் திருகிக் குறைக்கிற குறைப்பு அக்காவுக்குத் தெரியாதா?

ஊரில் என்றால் எங்களுக்காகக் காத்திருப்பார்கள். இங்கே சாவுக்கும் ரேர்மின், குறித்துத் தந்த நேரம். பானுக்கு வெளியே ஒரு மயான மண்டபத்தைப் பதினொரு மணிக்குத் தந்திருந்தார்கள். கிரியை, வாய்க்கரிசி எல்லாம் அந்த நேரத்துக்குள் முடியவேண்டும். முடியாவிட்டால் அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும்.

முதல்நாள் பின்னேரம் அன்ரன் அண்ணை தொலைபேசி எடுத்தார். “தங்கச்சி, நாங்கள் விடிய வெளிக்கிடுறம். வானில ரெண்டு சீற் கிடக்கு. வாருங்கோவன் ரெண்டு பேரும்.”

நான் வாயைத் திறக்குமுன் இவர் தொலைபேசியை வாங்கிவிட்டார். “இல்லையண்ணை, எங்கட காரிலையே வாறம்.” அண்ணை ஏதோ சொல்லியிருக்க வேண்டும். “ஓம் ஓம், அங்க வந்து காட்டுறன்” என்று இவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் கவனித்தேன். செத்தவீட்டுக்குப் போகிறவரின் சிரிப்பு இல்லை அது. “ரயிலில போவமே” என்றேன். “கார் நிக்கேக்கை ரயிலோ? பேசாம வெளிக்கிடும்” என்றார்.

விடியப் புறப்பட்டோம். வெளியே கடும் உறைகுளிர். ஒட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறினதும் ஒரு பெரிய லொறியைத் தேடிப் பிடித்து அதன் பின்னால் போனார். லொறி காற்றை மறைக்குமாம், பெற்றோல் மிச்சமாம். லொறியின் வேகம்தான் எங்கள் வேகம். இடப்பக்கத்தால் உலகமே எங்களைத் தாண்டிப் போனது. அன்ரன் அண்ணையின் வானும் போனது. கை காட்டினார்கள்.

“இஞ்சாருங்கோ, கொஞ்சம் கெதியா ஓடுங்கோ. நேரம் போகுது.”

“நேரம் கிடக்கு.”

ஹீற்றர் இல்லாத காருக்குள் இரண்டு பேர் மூச்சு விட்டால் என்ன நடக்கும்? மூச்செல்லாம் கண்ணாடியில் படியும். படிந்தது அங்கேயே உறையும். இவர் துணியால் துடைப்பார், நான் கையுறையால் சுரண்டுவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வெள்ளை. தெரு தெரியாமல் ஓட ஏலாது. அதனால் ஒவ்வொரு பார்க்கிங்கிலும் நிற்பாட்டினோம். கதவுகளைத் திறந்துவிட்டு உள்ளுக்குள் சுரண்டினோம். பிறகு ஏறினோம். பிறகு மறுபடி நின்றோம்.

“ஹீற்றரைப் போடுங்கோவன்! அக்காவின்ர பெட்டியை மூடிப்போடுவாங்கள்!” நான் கத்தினேன்.

போட்டார். கண்ணாடி கொஞ்சம் தெளிந்தது. ஸ்கிறீனில் இலக்கம் ஏறியது. நிற்பாட்டினார். இதை நான் கற்பனை பண்ணி எழுதவில்லை. என் கண்ணால் பார்த்தேன். அவருடைய விரல் தானாகப் போய் அந்தப் பொத்தானை அமத்தியது. என்னை அவர் பார்க்கவில்லை. ஸ்கிறீனைத்தான் பார்த்தார்.

ஸ்டவ் என்கிற வாகன நெரிசல் இல்லை. விபத்து இல்லை. பனி கொட்டவில்லை. தெரு சுத்தமாகக் கிடந்தது. யாரிலும் எதிலும் பழி போட வழியில்லாத நாள் அது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தின் வாசலில் வேறு ஒரு குடும்பம், கறுப்பு உடுப்பும் பூவுமாக, மரியாதையாக ஒதுங்கி நின்றது. நான் அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். பெட்டியை மூடியாகிவிட்டது. சில்லு வண்டியில் அதை உருட்டிக்கொண்டு போக இரண்டு ஜெர்மன்காரர்கள் நின்றார்கள்.

அத்தான் — அக்காவின் கணவர் — என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தார். “எவ்வளவோ கேட்டுப் பாத்தன் மலர். ரெண்டு தரம் பொறுத்தாங்கள். இனி ஏலாதெண்டிட்டாங்கள்.” ஒரு தட்டில் கொஞ்ச அரிசி இருந்தது. “உனக்கெண்டு எடுத்து வச்சனான்.”

தங்கை போடவேண்டிய வாய்க்கரிசி. வாய், பெட்டியின் மூடிக்குக் கீழே இருந்தது.

என்ன செய்வது? மூடியின் மேல் போட்டேன். பளபளவென்று பூசிய பலகை. அரிசி நிற்கவில்லை. வழுகி நிலத்தில் கொட்டியது. அந்த ஜெர்மன்காரர்களில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, அதன்மேல் சில்லு ஏறாமல் பெட்டியை மெல்லத் திருப்பிக் கொண்டுபோனார். அவ்வளவு பக்குவம் அந்த அந்நியனுக்கு இருந்தது.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. எத்தனை பேர் ஆறுதல் சொன்னாலும், நோயால் உருக்குலைந்த முகம்தானே, பாராததும் நல்லதுதான் என்று சொன்னாலும், அதைப் பார்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கவேண்டியவள் நான். காரின் ஸ்கிறீன் இல்லை.

பிறகு ஒரு மண்டபத்தில் எல்லோருக்கும் சோறு கொடுத்தார்கள். வழக்கம்போல ஆண்கள் ஒரு மூலையில். இவரும் போய் நின்றார். அன்ரன் அண்ணை இவருக்குத் தேத்தண்ணி எடுத்துக் கொடுத்தார். காரைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. வழியெல்லாம் காப்பாற்றிக்கொண்டு வந்த அந்த இலக்கத்தைக் காட்ட அன்று இவருக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை.

பின்னேரம் திரும்பும்போது இவர் எனக்கு முன்னால் ஓடிப்போய்க் காரைக் கிளப்பி ஹீற்றரை முழுதாகப் போட்டு வைத்திருந்தார். கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது.

“இரும், நல்ல சூடாக் கிடக்கு” என்றார்.

“நிப்பாட்டுங்கோ.”

“மலர்…”

“நிப்பாட்டுங்கோ. இப்ப எனக்கு என்னத்துக்கு?”

நிற்பாட்டினார். ஹம்பேர்க் வரும்வரை கண்ணாடியை மட்டும் மாறி மாறித் துடைத்தோம்.

இவரும் இதை வாசிப்பார். வாசிக்கட்டும். பதினொரு மாதமாக இந்த வீட்டில் சமையல் நடக்கிறது, பேச்சு நடக்கிறது, சிரிப்பும் சில நாள் வருகிறது. இந்த டிசெம்பரில் இவரே ஹீற்றரைப் போடுகிறார். நான் கேட்காமலேயே போடுகிறார். ஒவ்வொரு முறையும் எனக்குப் பெட்டியின் மூடிதான் ஞாபகம் வருகிறது. மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்று பானில் காரை நிற்பாட்டியபோது ஸ்கிறீனில் இருந்த இலக்கம் நாலு தசம் ஒன்பது. அந்தக் குளிர்காலம் முழுக்க அதுதான் மிகக் குறைவு. இவர் வென்றுவிட்டார்.

முருங்கைக்காய்க் கடையில் கேட்ட தம்பி, கார் நல்ல கார். வாங்குங்கள். குளிருக்குள் கூடத்தான் குடிக்கும்.

குடிக்கட்டும்.