நூற்றுப் பன்னிரண்டு தப்படி

ஆரின் பெக்கம் முப்பத்தொரு குளிர்காலம் ஊரின் பனி வாரும் வண்டியை ஓட்டினார். எந்தச் சாலையில் எந்தக் கல் தலை தூக்கியிருக்கிறது, எந்த வளைவில் யாருடைய தபால் பெட்டி வண்டியின் அலகில் இடிபடும் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினார். இத்தனை வருஷம் தரைக்கு மேலே கிடந்ததை ஒதுக்கியாயிற்று, இனி கீழே கிடப்பதைப் பார்க்கலாம் என்று மகளிடம் சொன்னார்.

மகள் மெரிடித்துக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஐம்பது மைல் தள்ளி ஒரு தொழிற்சாலையில், விமான எஞ்சினின் சுழல் தகடுகளில் விரிசல் பார்ப்பாள். கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடும். பக்கத்தில் உலோகம் வந்தால் அது பதில் கொடுக்கும். பதில் கொஞ்சம் பிசகினால் அங்கே விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். தலைமுடியைவிட மெல்லிய விரிசல்கள். இதை ஒருநாள் அவள் விளக்கியபோது ஆரினுக்கு ஏகக் குஷி.

"ரெண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம்தான். ஒனக்குக் கூரை இருக்கு, எனக்கு இல்ல, அவ்வளவுதான்."

கனெக்டிகட்டின் கிழக்கு மூலையில் அவர் கால் படாத வயல் குறைவு. ஒவ்வொரு வசந்தத்திலும் தொப்பியைக் கையில் பிடித்தபடி வயல்காரர் வாசலில் நின்று அனுமதி கேட்பார், பதினைந்து வருஷமாகக் கொடுத்துவரும் வீடாக இருந்தாலும். தோண்டிய குழியை, தோண்டியதே தெரியாதபடி மூடுவார். பீர் டின் மூடிகளைக்கூட விட்டுவிட்டு வரமாட்டார். வயலை விட்டுக் கிளம்பும் முன் அன்று கிடைத்ததையெல்லாம் தன் டிரக்கின் பானெட்டில் பரப்பி வைப்பார். முதலில் எடுக்கும் உரிமை நிலத்துக்காரருடையது.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு விதி இருந்தது. வயலில் வைத்துக் காசைத் தேய்க்கக் கூடாது. இந்தப் பக்கத்து மண் புளிப்பு. இருநூற்றைம்பது, முந்நூறு வருஷம் அதில் கிடந்த செம்புக் காசுக்கு முகம் என்று மிஞ்சியிருப்பது மேலே படிந்த பச்சைத் தோல்தான். தோல் போனால் முகமும் போயிற்று. ஈர மண்ணோடு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டைவிரலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள் என்று ஃபோனிலேயே நூறு தடவை சொல்லியிருப்பார், வயலுக்கே வராத மகளிடம்.

ஒரு பழக்கம் அவருக்கு மட்டும் உரியது. டிடெக்டர் அன்று கொடுக்கும் கடைசிச் சத்தத்தைத் தோண்ட மாட்டார். இடத்தை நோட்டில் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வர ஒரு காரணம் வேண்டாமா என்பார். மனைவி போன பிறகு அந்தக் கடைசிச் சத்தங்களை மெரிடித்துக்கென்று விட்டுவைக்க ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபோன் வரும்.

"ஒண்ணு விட்டு வச்சிருக்கேன். நல்ல சத்தம். வர்றியா?"

"நாளைக்கு ஓவர்டைம்ப்பா."

ஆறு தடவையில் நாலு தடவை அது உண்மை. அடுத்த வாரம் அவரே போய்த் தோண்டுவார். ஒன்னோடது பொத்தான், ஒன்னோடது துப்பாக்கிக் குண்டு என்று ஃபோனில் சொல்வார். அத்தோடு பேச்சு வானிலைக்குப் போய்விடும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், ஆரினின் இதயம் நின்றது.

ஏப்ரல் கடைசியில் வீட்டை ஒழிக்கும்போது மெரிடித்துக்கு ஒரு முட்டை அட்டை கிடைத்தது. மூடியில் 'மெ' என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு குழிகள். பதினொன்றில் அவளுடைய பொத்தான்களும் குண்டுகளும் ஒரு கரண்டிக் காம்பும் கிடந்தன. பன்னிரண்டாவதில் மடித்த காகிதம். 'ஜினெட் கீழ் வயல். சுவர் உடைப்பிலிருந்து ஆஷ் மரத்தை நேரே பார்த்து 112 தப்படி. எண் 78. இரண்டு பக்கமும் ஒரே சத்தம். நவம்பர் 9.' அதற்குப் பிறகு தரை உறைந்துவிட்டது. அது தோண்டப்படவில்லை.

அவள் காகிதத்தை மடித்தாள். மறுபடி பிரித்தாள். டிடெக்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஜினெட் லவாய் அவளோடு பள்ளியில் படித்தவள். இப்போது அறுபது கறவை மாடுகளும் மூன்று சோள வயல்களும் அவள் தலையில். மெரிடித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பதை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"தொப்பியோட வந்துட்டியா. அவர் பொண்ணுதான்டி நீ. போ, தேடு. ஆனா வியாழக்கிழமை காலைல ஏழு மணிக்கு உழவு. சனிக்கிழமை மழைங்கிறான். எனக்கு வேற நாள் இல்ல."

அன்று செவ்வாய். உழுதால் மண் புரளும், கீழே கிடப்பது எங்கோ நகரும். காகிதத்தில் இருக்கும் இடம் அதன்பின் உலகத்தில் எங்கும் இருக்காது. அவர் அவளுக்கு விட்டுவைத்ததில் அவளே எடுக்க மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான். ஒன்றரை நாள் இருந்தது.

மெரிடித் அளக்கத் தெரிந்தவள். அப்பாவின் தப்படி இரண்டரை அடி. சிறு வயதில் அவரோடு வேலிக்கு இடம் அளந்திருக்கிறாள். இருநூற்றெண்பது அடி. நாடா பிடித்து முளை அடித்தாள். முளையைச் சுற்றிப் பதினைந்து அடிக்குக் கயிறு கட்டி, கட்டம் பிரித்து, சோளத் தாள்களுக்கு நடுவே ஒவ்வொரு கட்டமாக வீசிப் பார்த்தாள். செவ்வாய் சாயங்காலம் இரண்டு சதுர ஆணிகள். புதன் காலை ஒரு டின் துண்டு. மதியம் எருவாடை மட்டும். கீழே ஓடையோரம் தவளைகள் கத்திக்கொண்டே இருந்தன. காகிதத்தில் இருந்த எழுபத்தெட்டு என்ற எண் டிடெக்டரின் திரையில் வரவே இல்லை. அவள் கயிற்றை இருபத்தைந்து அடிக்கு விரித்துக் கட்டினாள்.

நாலு மணிக்கு ஜினெட் காபியும் அவித்த முட்டை சாண்ட்விச்சும் கொண்டுவந்தாள். கயிறுகளைப் பார்த்தாள்.

"என்னடி இது, கொலை நடந்த எடம் மாதிரி இருக்கு?"

மெரிடித் கணக்கைச் சொன்னாள். இரண்டரை அடித் தப்படி, நூற்றுப் பன்னிரண்டு, ஆஷ் மரத்துக்கு நேர்கோடு. ஜினெட் சாண்ட்விச்சின் காகிதத்தை மெல்ல மடித்தாள்.

"அந்த முட்டி ஆபரேஷனுக்கப்புறம் அவர் நடந்து நீ பாக்கவே இல்லயா?"

ஆபரேஷன் செப்டம்பரில். மெரிடித் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள், படுக்கையில் பார்த்தாள். அதற்கப்புறம் ஃபோன்தான். ஃபோனில் யாரும் நடப்பதில்லை.

ஜினெட் எழுந்து, சோளத் தாள்களுக்கு நடுவில் நடந்து காட்டினாள். வலது கால் முன்னே போகும். இடது கால் அதை அதிகம் தாண்டாது. பக்கத்தில் வந்து, கொஞ்சமே கொஞ்சம் முந்தி நிற்கும். பத்துத் தப்படிக்கு ஒரு தடவை நின்று, தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பார்.

"வலிக்குதுன்னு சொல்ல மாட்டார். பருந்துன்னு சொல்வார். இந்த வயல்ல அவர் பாத்த பருந்தெல்லாம் நெஜமா இருந்தா எங்கிட்ட ஒரு கோழி மிஞ்சியிருக்காது."

மெரிடித் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எங்கே போய் முடியப்போகிறது என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜினெட் பால் கறக்க நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

அப்பாவின் டிரக்கில்தான் வந்திருந்தாள்; பின்புறம் அவருடைய ரப்பர் பூட்ஸ் கிடந்தன. இரண்டு அளவு பெரிது. போட்டுக்கொண்டாள். வயலோரக் கற்சுவரின் உடைப்புக்கு முதுகைக் காட்டி நின்று, ஆஷ் மரத்தைப் பார்த்தாள். ஓடையிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. மரத்துக்கு அடிப்பாகம் இல்லை. கிளைகள் மட்டும் காற்றில் நின்றன.

வலது கால். இடது கால், கொஞ்சமே முந்தி. ஒன்று.

பூட்ஸின் கனம் காலை அதிகம் தூக்கவிடவில்லை. பத்தில் நின்றாள். வானத்தைப் பார்த்தாள். அங்கே வெள்ளைதான் இருந்தது. நாற்பதாவது தப்படியில் எண்ணும் குரல் தன்னுடையதுபோல் இல்லை. அறுபதில் இடது முட்டி உண்மையாகவே வலிப்பதுபோல் இருந்தது. எண்பதில் சுவரும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. ஈரமும் தாள்களும் எண்ணிக்கையும் தவிர வேறெதுவும் இல்லை. யாரோ பக்கத்தில் அதே வேகத்தில் வருவதுபோல் இருந்தது, அல்லது அவள்தான் யாருடைய பக்கத்திலோ வந்துகொண்டிருந்தாள். அவசரம் இல்லை. எங்கும் போகவேண்டியதில்லை. நூறு. பருந்து. நூற்றுப்பத்து. பருந்து. நூற்றுப் பன்னிரண்டு.

நிமிர்ந்து முன்னே பார்த்தாள். மூட்டத்தில் அவள் அடித்த முளை இன்னும் ஐம்பது அடிக்கு மேல் தள்ளி, வெளிறித் தெரிந்தது.

டிடெக்டரை ஒரே ஒரு முறை வீசினாள். மணி அடித்ததுபோல் சத்தம். எழுபத்தெட்டு. குறுக்கே திரும்பி வீசினாள். எழுபத்தெட்டு.

முழங்காலிட்டு, மண்ணை லாட வடிவில் வெட்டித் திருப்பினாள். ஏழு அங்குலம். ஒரு மண்கட்டி கையோடு வந்தது. அழுத்தியதும் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியில் பச்சை வட்டம் பதிந்திருந்தது. அவள் அதைப் பெயர்த்து எடுத்தாள். எடுத்தவுடன் அதன் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

ஒரு நொடி வேலை. பதினெட்டு வருஷமாகக் கையுறை இல்லாமல் ஒரு தகட்டைத் தொடாதவள். விரலில் பச்சைப் பொடி ஒட்டியிருந்தது. காசின் நடுவில் செம்பு வழவழவென்று தெரிந்தது. ஓரத்தில் ஏதோ ஒரு பின்னந்தலை, ரிப்பன் முடிச்சு. முகம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தவளைகள் கத்தின. அப்பா திட்டியிருக்க மாட்டார். 'சரி விடு' என்றிருப்பார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வெகுநேரம் கழித்துக் குழியை மூட மண்ணை எடுத்தபோதுதான் கட்டியின் மற்ற பாதியைப் பார்த்தாள். மண்ணில் ஒரு ராஜா இருந்தார். நெற்றி, மூக்கு, மோவாய், தலையில் இலைக் கிரீடம், எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி, பள்ளமாக. இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ். அரைப்பென்னி. காசு மறந்துவிட்டதை மண் ஞாபகம் வைத்திருந்தது.

குழியை மூடினாள். மூடியது தெரியாதபடி மூடினாள்.

கிளம்பும் முன் டிரக்கின் பானெட்டில் பரப்பினாள்: ஆணிகள், டின் துண்டு, காசு, மண்கட்டியின் பாதி. ஜினெட் கறவைக் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். காசைப் பார்த்தாள், மெரிடித்தின் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"தேச்சியா?"

"தேச்சிட்டேன்."

"அவரும் மொதக் காசத் தேச்சார். இதே எடத்துல நின்னு. ஒனக்குச் சொல்லியிருக்க மாட்டாரே."

சொல்லவில்லை. ஜினெட் கட்டியைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். முதல் உரிமை அவளுடையது.

"மண்ணு என்னோடது" என்றாள் ஜினெட். "குடுக்க மாட்டேன். வேணும்னா கொஞ்ச நாள் வச்சிக்க. உதுந்ததும் திருப்பிக் கொண்டாந்து எடுத்த எடத்துலயே போடு." கட்டியைப் பழையபடி வைத்துவிட்டு ஒரு சதுர ஆணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "எனக்கு இது போதும்."

வியாழன் காலை ஏழு மணிக்கு வயல் உழப்பட்டது.

காசின் பின்பக்கத்தை மெரிடித் ஒன்பது சாயங்காலங்கள் எடுத்துக்கொண்டு சுத்தம் செய்தாள். அப்பாவின் சமையலறை மேசை, அவருடைய விளக்கு, அவருடைய பூதக்கண்ணாடி. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, முனையை மென்று மென்மையாக்கிய பல்குச்சியால் ஒவ்வொரு மணற்பரலாக எடுத்தாள். முதலில் ஒரு முழங்கை வந்தது. பிறகு கேடயம். நான்காம் நாள் ஈட்டி. காசில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுருவின் மடியைத் துலக்க ஒரு முழுச் சாயங்காலம் போயிற்று. சில சமயம் குச்சியைக் கையில் வைத்தபடியே வெறுமனே இருப்பாள். விளக்கின் வட்டத்துக்கு வெளியே வீடு இருப்பது மறந்துவிடும். எப்போதோ யாரோ ஒருவன் பையில் ஓட்டையோடு அந்த வயல் சரிவில் இறங்கிப் போனான். வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்திருக்கும். திரும்பி வந்து தேடியிருப்பான்.

கீழே ஆண்டு. 1, 7, 3. நான்காவது இலக்கம் பச்சைத் தோலோடு ஒட்டியிருந்தது, தொட்டால் போய்விடும். தொழிற்சாலையில் படிக்க முடியாத ஓர் இலக்கம் இருந்தால் தகட்டையே ஒதுக்கிவிடுவாள். இங்கே குச்சியைக் கீழே வைத்தாள்.

மண்கட்டி ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தது. அதை நிலைக்க வைக்க அவளுக்கு வழி தெரியும். விரிசலைப் படியெடுக்கத் தொழிற்சாலையில் ஊற்றும் பசை ஒரு கரண்டி போதும். ராஜா என்றென்றைக்கும் இருப்பார். செய்யவில்லை. செய்தால் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

ஜூன் நடுவில் மூக்கு உதிர்ந்தது. அடுத்த வாரம் நெற்றி. ஒரு சனிக்கிழமை எல்லாமே பொடியாகியிருந்தது. அதை மாத்திரைக் குப்பியில் கொட்டி எடுத்துக்கொண்டு, பூட்ஸைப் போட்டுக்கொண்டு, தொப்பியோடு ஜினெட் வாசலில் நின்றாள்.

சோளம் முழங்காலுக்கு வந்திருந்தது. சுவரின் உடைப்பிலிருந்து, வரிசைகளுக்கு நடுவே, அந்த நடையில் நடந்தாள். பத்துக்கு ஒரு தடவை நின்றாள். நூற்றுப் பன்னிரண்டில் குப்பியைக் கவிழ்த்தாள். அது விழுந்த இடம் எது என்று உடனே தெரியாமல் போயிற்று.

காசு முட்டை அட்டையின் பன்னிரண்டாவது குழியில் இருக்கிறது. அப்பாவின் காகிதத்தில், அவர் எழுத்துக்குக் கீழே, அவள் எழுதினாள்: 'அரைப்பென்னி. 173-. முகம் நான் தேய்த்தது. தப்படி ஒன்றுக்கு இரண்டு அடி.'